அக்காகிட்ட கேளுங்க: போஸ்டர் ஒட்டியாச்சு, அப்புறம்?

போன இதழ்ல ஒரு தம்பிக்குப் பதில் சொல்றப்ப, "கேம்பஸ்ல சுற்றுச்சூழல் பத்தி புரொபசர் ஒரு மணி நேரம் பேசறதைவிட பக்கத்து ரூம் பையன் ரெண்டு நிமிஷம் பேசறது வேலைக்காகும்"னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், மெயில் வந்து குவிஞ்சிடுச்சு. பாதி பேரு "கரெக்ட்"ங்கிறாங்க, பாதி பேரு "எங்க ஹாஸ்டலுக்கு ஒரு நாள் வந்து பாருங்க, அப்ப தெரியும்"ங்கிறாங்க. சரி, இந்த தடவை முழுக்க இதே மேட்டர்தான். நான் ஒரு யூனிவர்சிட்டியில இந்த மாதிரி மாணவர் குழுவை மேய்ச்ச வேலையில கொஞ்ச வருஷம் இருந்தவ, அதனால பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

அக்கா, எங்க ஹாஸ்டல்ல 12 பேரை செலக்ட் பண்ணி 'பசுமைத் தோழர்'னு பேட்ஜ் குத்தி விட்டுட்டாங்க. மூணு மாசமா போஸ்டர் ஒட்டறோம், வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் போடறோம். ஆனா லைட் எரிஞ்சுட்டேதான் இருக்கு, ஃபேன் ஆளில்லாம சுத்துது, குப்பை எல்லாம் ஒரே டப்பாவுல. எங்க தப்பு பண்றோம்?
— ரெண்டாம் வருஷ மாணவன்

தம்பி, அந்த போஸ்டர்ல என்ன எழுதியிருக்கீங்கன்னு நீங்க சொல்லல, நானே சொல்லட்டுமா? "நம்மில் பெரும்பாலானோர் லைட்டை அணைப்பதே இல்லை! சிந்திப்பீர்!" இதானே? இல்லன்னா இதுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணு.

நானும் இதே கூத்தைப் பண்ணவதான். மெஸ் வாசல்ல ஒரு கரும்பலகை வச்சு, நேத்து தட்டுல மிச்சம் வச்சு கொட்டின சாப்பாடு இத்தனை கிலோன்னு தினமும் சாக்பீஸ்ல பெருசா எழுதி வைப்போம். எல்லாரும் வெட்கப்பட்டு திருந்திடுவாங்கன்னு நினைப்பு. ஒரு நாள் மத்தியானம் ஓரமா நின்னு பாத்துட்டிருந்தேன். ஒரு பொண்ணு பாதி நிறைஞ்ச தட்டோட வந்தா, போர்டு முன்னாடி நின்னா, ஒரு வரி விடாம படிச்சா, "அடேங்கப்பா"ன்னு வாய்விட்டு சொன்னா, அடுத்த செகண்ட் தட்டை அப்படியே தொட்டியில கவுத்துட்டு கை கழுவப் போயிட்டா. அவ்ளோ கிலோவுல நம்ம கைப்பிடி எந்த மூலைக்குன்னுதான் அவ நினைச்சிருப்பா. அவமேல எனக்கு கோவமே வரல, ஏன்னா "இங்க எல்லாரும் கொட்டறாங்க, நீயும் கொட்டலாம்"னு போர்டு எழுதி வச்சதே நான்தானே.

இதை ஆராய்ச்சியாவே பண்ணி பாத்திருக்காங்க. அமெரிக்காவுல அரிசோனாவுல ஒரு தேசியப் பூங்கா இருக்கு, கல்லா மாறிப்போன பழங்காலத்து மரத்துண்டுங்க கிடக்கிற இடம். வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடுவாங்க. ராபர்ட் சியால்டினின்னு ஒரு உளவியல் பேராசிரியரும் அவரோட ஆளுங்களும் பாதையில அடையாளம் போட்ட துண்டுகளை வச்சு, ரெண்டு விதமா அறிவிப்பு மாட்டி பாத்தாங்க. "முன்னாடி வந்த நிறைய பேரு எடுத்துட்டுப் போனதால காடே மாறிப்போச்சு"ன்னு போட்ட பக்கம் கிட்டத்தட்ட 8 சதவீத துண்டு காணாமப் போச்சு. "தயவுசெஞ்சு எடுக்காதீங்க"ன்னு மட்டும் போட்ட பக்கம் 2 சதவீதத்துக்கும் கம்மி. திருட்டைத் தடுக்க வச்ச போர்டே திருட சொல்லிக் குடுத்துடுச்சு.

இதையே திருப்பிப் போட்டா என்ன ஆகும்? 2008ல அவரும் சேர்ந்து வெளியிட்ட இன்னொரு ஆராய்ச்சி, ஹோட்டல் ரூம்ல டவலை தினமும் துவைக்கப் போடாம திரும்ப யூஸ் பண்ண வைக்கிறது பத்தினது. "சுற்றுச்சூழலைக் காப்பாத்துங்க"ன்னு கார்டு வச்ச ரூம்ல 35 சதவீதம் பேரு கேட்டாங்க. "இங்க தங்கறவங்கள்ல நிறைய பேரு டவலை திரும்ப யூஸ் பண்றாங்க"ன்னு வச்சதும் 44. அடுத்து பண்ணினதுதான் எனக்குப் பிடிச்சது, "இதே ரூம்ல தங்கினவங்க"ன்னு வச்சதும் 49. யோசிச்சுப் பாருங்க, அந்த ரூம்ல முன்னாடி யாரு தங்கினாங்கன்னு இப்ப தங்கறவருக்குத் தெரியாது, தெரிஞ்சும் ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஆனாலும் 'நம்ம இடம்'னு வந்தவுடனே ஆளு மாறிடறான். ஊரோட ஒத்து வாழுன்னு சும்மாவா சொன்னாங்க. மாணவனை வச்சு மாணவனுக்கு சொல்ல வைக்கிற ஐடியாவே இதுமேலதான் நிக்குது, நீங்க அதே மாடி, அதே பாத்ரூம், அதே எக்ஸாம், அதனால நீங்க செய்றது 'இங்க வழக்கம்' ஆகுது. புரொபசர் செய்றது புரொபசர் வழக்கம்.

அப்ப போஸ்டரை மாத்துங்க. ஆனா பொய் சொல்லாதீங்க, "எல்லாரும் அணைக்கிறாங்க"ன்னு போட்டுட்டு பக்கத்துல ஆறு லைட் எரிஞ்சா உங்க பேரு கெட்டுடும். உண்மையிலயே கொஞ்ச பேருதான் பண்றாங்கன்னா "இப்ப மாறிட்டு வர்றவங்க அதிகமாகுது"ங்கிற மாதிரி சொல்லலாம். 2017ல ஸ்பார்க்மன், வால்டன்னு ரெண்டு பேரு ஸ்டான்ஃபோர்டுல இதைப் பாத்தாங்க. "சில பேரு கறி கம்மியா சாப்பிடறாங்க"ன்னு படிச்சவங்கள்ல 17 சதவீதம் பேரு கறி இல்லாத சாப்பாடு ஆர்டர் பண்ணினாங்க. "சில பேரு கறியை குறைக்க ஆரம்பிச்சிருக்காங்க"ன்னு படிச்சவங்கள்ல 34 சதவீதம். 'குறைக்க ஆரம்பிச்சிருக்காங்க', அந்த ஒரு வார்த்தைக்கு டபுள்!

இன்னொண்ணு, போஸ்டரை எங்க ஒட்டறீங்க? நோட்டீஸ் போர்டுலன்னா அதை நோட்டீஸ் போர்டுதான் படிக்கும். லைட்டைப் பத்தினது சுவிட்ச் பக்கத்துல இருக்கணும். எங்க ஸ்டடி ஹால்ல எட்டு சுவிட்ச் வரிசையா ஒரு பலகையில, எது எந்த லைட்டுன்னு கட்டினவருக்கே தெரியாது. அணைக்க நினைக்கறவன்கூட நாலு பேரு படிச்சிட்டிருக்கிற பக்கம் அணைஞ்சு போய் எல்லாரும் நிமிந்து பாப்பாங்களேன்னு பயந்து அப்படியே விட்டுட்டு போவான். நாங்க ஒரு சாயந்திரம் உக்காந்து ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து 'ஜன்னல் வரிசை', 'நடு வரிசை'ன்னு குட்டி லேபிள் ஒட்டினோம். எந்த உபதேசமும் இல்ல. அன்னிலேர்ந்து கடைசி ஆளு அணைச்சிட்டுத்தான் போனாங்க, பெரும்பாலும்.

என் ரூம்மேட்ஸ் என்னைப் பாத்தாலே "ஏய் கிரீன் போலீஸ் வருதுடி"ங்கிறாங்க. சார்ஜரை பிளக்ல இருந்து எடுன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் பேசவே இல்ல. விட்டுடலாமான்னு இருக்கு.
— பேரு வேணாம்

விட்டுடாதம்மா, ஆனா சார்ஜரை விட்டுடு. போன் சேராம சும்மா சொருகி இருக்கிற இப்பத்திய சார்ஜர் இழுக்கிற கரண்ட் துளியூண்டு, வருஷம் முழுக்க சேர்த்தாலும் ஒரு யூனிட், ரெண்டு யூனிட் தேறினா பெருசு. அதுக்குப் போய் ரெண்டு நாள் சண்டையா? உன்கிட்ட இருக்கிற நட்பு அளவோடதான் இருக்கு, அதை எதுக்கு செலவு பண்றோம்னு பாத்து செலவு பண்ணணும். ஏசி ஓடறப்ப ஜன்னல் திறந்திருக்கறது, ஹீட்டரை ஆன் பண்ணிட்டு மறந்து கிளாஸுக்குப் போறது, இதுக்கெல்லாம் வேணா வாயைத் திற.

அப்புறம் 'எடு', 'அணை', 'போடாதே'ன்னு பேசாதே. கேள்வியா கேட்டுப் பாரு. "ஹீட்டர் ஆஃப் ஆகியிருக்கான்னு எனக்கே அடிக்கடி டவுட் வருது, கதவுல ஏதாவது மாட்டி வைக்கலாமா, உனக்கென்ன தோணுது?"ன்னு கேட்டா அவளே ஏதாவது சொல்லுவா. தானா சொன்ன ஐடியாவை அவ்ளோ சீக்கிரம் யாரும் மீற மாட்டாங்க. போலீஸ்னு கூப்பிட்டா நீயும் சிரிச்சுட்டு "ஃபைன் கட்டிட்டுப் போ"ன்னுடு.

நான் பேராசிரியர். இந்த 'சக மாணவர் கல்வி' என்பது எங்கிருந்து வந்தது? ஆசிரியர்கள் செய்ய வேண்டியதை மாணவர் தலையில் கட்டுவது போல எனக்குத் தோன்றுகிறது.

சார், உங்க சந்தேகத்துல பாதி நியாயம் இருக்கு, அதை கடைசியில சொல்றேன். முறை புதுசு இல்ல, போதைப்பொருள், எய்ட்ஸ் மாதிரி விஷயங்கள்ல இளசுங்க பெரியவங்ககிட்ட வாயே திறக்க மாட்டாங்கன்னு, சுகாதாரத் துறையில முன்னாடியே இதே வழியில போயிருக்காங்க. சுற்றுச்சூழல் பக்கம் வந்தீங்கன்னா, 1990ல பிரான்ஸ்ல டல்லுவார்ங்கிற ஊர்ல பல நாட்டு பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, வளங்குன்றா வளர்ச்சிக்கு நாங்க பொறுப்பெடுத்துக்கறோம்னு பத்து அம்சப் பிரகடனம் ஒண்ணு கையெழுத்துப் போட்டாங்க. கூட்டினது அமெரிக்காவுல இருக்கிற டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோட தலைவர் ழான் மேயர். அதே டஃப்ட்ஸ்லதான் 2001 வாக்குல ஹாஸ்டலுக்கு ஒரு மாணவரை வச்சு 'ஈகோ ரெப்ஸ்'னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் அது மத்த கேம்பஸுக்கெல்லாம் பரவுச்சு. இப்ப பல்கலைக்கழகங்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கிற ஸ்டார்ஸ்னு ஒரு முறை இருக்கு, அதுல மாணவர் மாணவருக்கு சொல்லிக் குடுக்கிற திட்டம் இருக்கான்னு தனியா பாத்து மார்க் போடறாங்க.

நியாயமான பாதி என்னன்னா, மார்க்குக்காகவே பன்னெண்டு பேருக்கு பேட்ஜ் குத்தி போட்டோ எடுத்துட்டு விட்டுடற இடங்களும் இருக்கு. பாடத்துல கார்பன் சுழற்சி என்ன, எரிசக்தி எங்கேர்ந்து வருதுன்னு சொல்லிக் குடுக்க வேண்டியது நீங்கதான் சார், அதை அந்தப் பையன் செய்ய முடியாது, தப்பா சொல்லிடுவான். அவன் செய்ய முடிஞ்சது நீங்க செய்ய முடியாதது, ராத்திரி பதினோரு மணிக்கு அந்த மாடியில இருக்கறது.

குப்பையை எடை போட்டுப் பாக்கறது, வேஸ்ட் ஆடிட்டுங்கிறாங்களே, அதை நாங்களே பண்ண முடியுமா? எப்படி? (எங்க டீம்ல பாதி பேரு "உவ்வே"ங்கிறாங்க)

முடியும், பண்ணுங்க, உவ்வேங்கறவங்களை எழுதற வேலைக்கு போடுங்க. இதைப் பத்தி மட்டும் எனக்கு பக்கம் பக்கமா எழுதத் தோணும், ஏன்னா நான் பாத்த வரைக்கும் ஒரு கேம்பஸ்ல நூறு பேரோட பேச்சை மாத்தறது ஒரு தார்ப்பாய் மேல கொட்டின குப்பைதான்.

மொதல் வேலை, துப்புரவு பண்றவங்ககிட்ட போய் பேசறது. பர்மிஷனுக்காக மட்டும் இல்ல, அவங்களுக்குத்தான் விஷயம் தெரியும். நாங்க இதை மறந்துட்டு நாலு நாள் பிளான் போட்டோம். அப்புறம் கடைசியில அங்க பெருக்கற அம்மா ஒருத்தங்க கேட்டாங்க, "என்ன தேடறீங்க கண்ணு?" சொன்னோம். "மூணாவது மாடி டப்பாதான் கனமா இருக்கும், அங்க மட்டும் பேப்பர் போடற டப்பா உடைஞ்சு போய் எடுத்துட்டாங்க, எல்லாத்தையும் ஒண்ணுலயே போடறாங்க"ன்னாங்க. நாங்க அந்த மாடி பசங்களுக்கு பொறுப்பில்லன்னு ஒரு கட்டுரையே எழுதத் தயாரா இருந்தோம்!

பரீட்சை முடிஞ்ச மறுநாள், விழா நாள், லீவு நாள் எல்லாம் விட்டுட்டு சாதாரணமா ஒரு நாளா பாத்து, ஒரு கட்டடத்தோட ஒரு நாள் குப்பையை மட்டும் எடுங்க. பெரிய தார்ப்பாய், தடிமனான கையுறை, மாஸ்க், மூடின ஷூ, இடுக்கி, தொங்கற தராசு ஒண்ணு, ஆறேழு பக்கெட். காலி பக்கெட்டை மொதல்ல எடை போட்டு பக்கெட் மேலயே எழுதிடுங்க, இதை மறந்துட்டு கடைசியில கணக்கு ஒத்து வராம முழிக்காத டீமே கிடையாது. சாப்பாடு, பேப்பர், பாட்டில், கவர், பேட்டரி மாதிரி எலக்ட்ரிக் சாமான், மிச்சம் அப்படின்னு பிரிங்க. நாப்கின், ஊசி, பிளேடு, மருந்து இதெல்லாம் கண்ணுல பட்டா தொடவே தொடாதீங்க, தனியா கட்டி இருந்தா அப்படியே எடை போட்டு ஒதுக்குங்க. பேரு, போன் நம்பர் இருக்கிற லெட்டர், மார்க் ஷீட் ஏதாவது வந்தா படிக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க. யாரோட குப்பைன்னு கண்டுபிடிக்கிற வேலை வேணவே வேணாம், அது ஆரம்பிச்ச அன்னிக்கே உங்க டீம் செத்துடும்.

இப்ப நான் கிட்டத்துல பாத்த ஒண்ணு. பேப்பர்னு ஒதுக்கின பையைப் பிரிச்சா மேல இருக்கற நாலு இன்ச் பேப்பர் நல்லா மொறுமொறுன்னு இருக்கு. அதுக்குக் கீழ எல்லாம் பழுப்பா ஊறிப்போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, கையில எடுத்தா பிஞ்சு வருது. அடிவரைக்கும் தோண்டினா ஒரே ஒரு பேப்பர் கப், பாதி குடிச்ச காபியோட யாரோ போட்டிருக்காங்க. ஒரு கப் காபி, ஒரு பை பேப்பர் காலி, ரீசைக்கிளுக்கு போற பக்கம் போகாது. அந்தப் பையை அப்படியே தூக்கிட்டு வந்து சாயந்திரம் பொது ஹால்ல வச்சோம், மூடாம. ஒரு வார்த்தை பேசல. வந்தவங்க எட்டிப் பாத்தாங்க, "இது என்ன"ன்னாங்க, நாங்க கப்பைக் காட்டினோம். அடுத்த வாரமே "மிச்சத்தை ஊத்த ஒரு பக்கெட் வைக்கலாம்ல"ன்னு கேட்டது எங்க டீம் ஆளு இல்ல, பாத்துட்டுப் போன ஒரு பையன்.

டப்பா வைக்கிறப்ப ரெண்டையும் ஒட்டி வைங்க, தனித்தனி மூலையில வச்சா எது பக்கமோ அதுல விழும். மூடியில ஓட்டை வடிவத்தை மாத்துங்க, பேப்பருக்கு கோடு மாதிரி, பாட்டிலுக்கு வட்டமா. கை தானா நின்னு யோசிக்கும். ரெண்டு மாசம் கழிச்சு அதே கட்டடத்துல அதே மாதிரி ஒரு நாள் திரும்ப ஆடிட் பண்ணுங்க, இல்லன்னா முன்னாடி பண்ணினதுக்கு அர்த்தமே இல்ல. தலைக்கு இத்தனை கிராம்னு எழுதுங்க, ஏன்னா ஆளு எண்ணிக்கை மாறும். எதிர்ல நிக்கறவனுக்கு டன் கணக்கு மண்டையில ஏறாது, தன் பங்கு கிராம் ஏறும்.

அஞ்சு ஹாஸ்டலுக்கு நடுவுல ஒரு மாசம் கரண்ட் மிச்சம் பிடிக்கிற போட்டி வச்சோம், செம ரெஸ்பான்ஸ். முடிஞ்ச மறுவாரமே மீட்டர் பழைய இடத்துக்கு வந்துடுச்சு. போட்டியெல்லாம் சும்மா ஆரம்ப சூரத்தனம்தானா?

சும்மா இல்ல, ஆனா போட்டி எதை அளக்குதுன்னு பாக்கணும். இதுல பேர் போன ஆராய்ச்சி அமெரிக்காவுல ஓபர்லின் கல்லூரியில 2005ல நடந்தது. ரெண்டு வாரம் ஹாஸ்டல்களுக்கு நடுவுல போட்டி, ஒட்டுமொத்தமா கரண்ட் 32 சதவீதம் குறைஞ்சது, 68,300 யூனிட் மிச்சம். அதுலயும் ரெண்டு ஹாஸ்டல்ல அந்தந்த நேரத்து அளவு ஸ்கிரீன்ல ஓடிட்டே இருக்கும், மத்ததுங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை மீட்டர் ரீடிங். ஸ்கிரீன் இருந்த இடத்துல 55 சதவீதம் குறைஞ்சது, மத்ததுல 31. ஆனா தண்ணி 3 சதவீதம்தான் குறைஞ்சது, அதையும் சேர்த்து சொல்றவங்க கம்மி.

இதுலேர்ந்து நான் எடுத்துக்கறது, மிச்சம் பிடிக்க வச்சது பரிசு மட்டும் இல்ல, கண்ணுக்குத் தெரிஞ்ச மீட்டரும்தான். நீங்க போட்டி முடிஞ்சதும் கப் குடுத்துட்டு ரீடிங்கையும் நிறுத்தியிருப்பீங்க. நிறுத்தாதீங்க, வாரா வாரம் அதே இடத்துல எழுதுங்க, அது போதும்.

இன்னொரு பக்கம், போட்டி வெறியில பசங்க பண்றது நிக்கற பழக்கமா இருக்காது. எங்க கதையில ஒரு ஹாஸ்டல் காரிடார் பல்பையெல்லாம் கழட்டி ஒளிச்சு வச்சிட்டாங்க. கரண்ட் குறைஞ்சது, ஒருத்தன் இருட்டுல படியில உருண்டு கால் பிசகி ரெண்டு வாரம் நொண்டினான், வார்டன் எங்களை வாங்கு வாங்குன்னு வாங்கினார். அந்த வருஷம் கப்பு அவங்களுக்குத்தான், இப்ப நினைச்சாலும் எனக்கு கொஞ்சம் அவமானமா இருக்கு.

சராசரியைக் காட்டறப்பவும் ஜாக்கிரதை. கலிஃபோர்னியாவுல சான் மார்க்கோஸ்ங்கிற ஊர்ல கிட்டத்தட்ட 290 வீட்டுல, நீங்க இவ்ளோ, அக்கம்பக்கத்து சராசரி இவ்ளோன்னு சீட்டு மாட்டினாங்க, 2007ல அந்த ஆராய்ச்சி வந்துச்சு. அதிகமா செலவு பண்ணினவங்க குறைச்சாங்க, சரி. ஏற்கனவே கம்மியா பண்ணினவங்க? "ஓ நாமதான் ஏமாளியா"ன்னு ஏத்திட்டாங்க! அதே சீட்டுல கம்மியா பண்றவங்களுக்கு ஒரு சிரிச்ச மூஞ்சி படம் வரைஞ்சு குடுத்ததும் ஏத்தறது நின்னுடுச்சு. ஒரு சிரிச்ச மூஞ்சி, அவ்ளோதான் செலவு. அதனால கடைசி ஹாஸ்டலை திட்டற நேரத்துல பாதியை ஏற்கனவே ஒழுங்கா இருக்கிற மாடிக்கு ஒரு தட்டு தட்டிக் குடுக்க செலவு பண்ணுங்க.

ஆ, கட்டடத்துக்குக் கட்டடம் ஒப்பிடறதும் சரிப்படாது, ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. போன வருஷம் இதே மாசத்து உங்களோட சொந்தக் கணக்கோட ஒப்பிடுங்க.

நாங்க ரூம்ல ஒரு லைட்டை அணைக்கிறோம், அந்தப் பக்கம் லேப் பில்டிங் ராப்பகலா ஜெகஜ்ஜோதியா இருக்கு. இதெல்லாம் மாணவர்களை ஏமாத்தற வேலை இல்லையா அக்கா?
— கடுப்பான முதுகலை மாணவி

கடுப்பு நியாயமான கடுப்பு, அந்தக் கடுப்பை அந்த பில்டிங்குக்கே எடுத்துட்டுப் போங்க. அங்க இருக்கறவங்களும் உங்க சக மாணவங்கதானே? கேம்பஸ்ல கரண்ட் முழுங்கறதுல லேப்தான் ராஜா. அதுல எரியற லைட்டைவிட பெரிய ஆளு ஃப்யூம் ஹூட், அதாவது ரசாயன வேலை பண்ற, முன்னாடி கண்ணாடிக் கதவு வச்ச பெட்டி. நச்சு வாயு வெளிய போக, ரூம்ல குளிரவச்ச இல்லன்னா சூடாக்கின காத்தை இருபத்து நாலு மணி நேரமும் உறிஞ்சி வெளிய தள்ளிட்டே இருக்கும், ஒரே ஒரு ஹூட் மூணு அமெரிக்க வீட்டுக்கு மேல எரிசக்தி சாப்பிடும்னு கணக்கு. வேலை முடிஞ்சதும் முன்னாடி இருக்கிற கண்ணாடிக் கதவை கீழ இறக்கினா பெரிய மிச்சம், பாதுகாப்பும் கூட. இதுக்குன்னே 'கண்ணாடியை இறக்கு'ன்னு பிரசாரம் பண்ற கேம்பஸ் நிறைய. ஆனா ஒண்ணு, திறப்புக்குத் தகுந்த மாதிரி காத்தோட்டத்தைக் குறைக்கிற வகை ஹூடா இருந்தாத்தான் இந்த மிச்சம், ஒரே வேகத்துல உறிஞ்சற பழைய வகைன்னா கரண்ட் அவ்வளவா குறையாது. அதனால மொதல்ல எந்த வகைன்னு லேப் டெக்னீஷியன்கிட்ட கேட்டுட்டு அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டுங்க. அதே மாதிரி மைனஸ் 80ல வச்சிருக்கற ஃப்ரீசர், நிறைய சாம்பிளுக்கு மைனஸ் 70 போதும், அந்த பத்து டிகிரிக்கே கிட்டத்தட்ட 30 சதவீதம் மிச்சமாகும். ஆனா இன்னொருத்தரோட சாம்பிள்மேல கை வைக்காதீங்க தாயே, அவங்க ஆய்வாளர்கிட்ட பேசி அவங்களே மாத்தணும்.

லைட்டை அணைக்கிறதால உலகம் மாறிடாது, ஒத்துக்கறேன். ஆனா நிர்வாகத்துக்கிட்ட போய் "அந்த பில்டிங்குக்கு தனி மீட்டர் போடுங்க"ன்னு கேக்கறப்ப, கையில ஆறு மாச ஹாஸ்டல் ரீடிங் நோட்டோட போற குழுவுக்கு உக்கார நாற்காலி கிடைக்கும். வெறுங்கையோட போனா "மொதல்ல உங்க ரூம் லைட்டை அணைங்கப்பா"ன்னு அனுப்பிடுவாங்க, எங்களை அனுப்பினாங்க.

பாத்ரூம் குழாய் ஒழுகுது, விழிப்புணர்வு வாரம் கொண்டாடலாமா?

பிளம்பரைக் கூப்பிடுங்க. செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா நாளைக்கு 86,400 சொட்டு, இருபது சொட்டு ஒரு மில்லின்னு வச்சா நாலு லிட்டருக்கு மேல, வருஷத்துக்கு ஆயிரத்து ஐநூறு லிட்டர் தாண்டும், ஒரே குழாய்ல. எல்லா மாடியிலயும் எந்த குழாய் ஒழுகுதுன்னு ஒரு லிஸ்ட் எடுத்து மெயின்டனன்ஸ்ல குடுத்து, சரி பண்ணினாங்களான்னு பின்னாடியே போய் கேளுங்க. சரி பண்ணினதும் "உங்க மாடி குழாய் சரியாயிடுச்சு"ன்னு குரூப்ல போடுங்க. வாரம் கொண்டாடறதைவிட அந்த மெசேஜை ஆளுங்க படிப்பாங்க.

இந்த மாணவர்களுக்கு சம்பளம் குடுக்கணுமா? நாங்க சான்றிதழ் மட்டும் குடுக்கறோம், பரீட்சை வந்தா எல்லாரும் மாயமாயிடறாங்க.
— ஒருங்கிணைப்பாளர்

முடிஞ்சா குடுங்க. நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்துல 2010ல ஆரம்பிச்ச 'கிரீன் ஆபீஸ்'ல மாணவங்களுக்கு சம்பளம், பட்ஜெட், உக்கார ஆபீஸ் எல்லாம் உண்டு, அதைப் பாத்து ஐரோப்பாவுல பல இடத்துல ஆரம்பிச்சாங்க. சும்மா வேலை வாங்கினா, வசதியான பசங்க மட்டும்தான் நேரம் ஒதுக்குவாங்க, பார்ட் டைம் வேலைக்குப் போற பசங்க வரவே மாட்டாங்க. அப்ப உங்க குழு பாதி கேம்பஸுக்கு 'சக' மாணவரே இல்லையே? பணம் முடியலன்னா கிரெடிட் மார்க்காவது குடுங்க.

பரீட்சைக்கு மாயமாகறது தப்பில்ல, நீங்க அந்த மாசத்துக்கு வேலையே போடாதீங்க. நிஜமான தலைவலி அது இல்ல. மூணு வருஷத்துல மொத்த டீமும் டிகிரி வாங்கிட்டுப் போயிடும், போறவங்க மண்டையில இருந்ததெல்லாம் கூடவே போயிடும், அடுத்த வருஷம் வர்ற பசங்க மறுபடி அதே "பெரும்பாலானோர் அணைப்பதே இல்லை" போஸ்டரை ஒட்டுவாங்க. ஒரு தடி நோட்டு வைங்க. எந்த மெயின்டனன்ஸ் ஆளு எந்த நேரத்துல நல்ல மூடுல இருப்பாரு, எந்த மாடியில எந்த டப்பா, போன ஆடிட்ல பக்கெட் எடை எவ்ளோ, எது பண்ணி சொதப்பினோம், எல்லாம். முக்கியமா சொதப்பினது. கடைசி செமஸ்டர்ல பழைய ஆளும் புது ஆளும் ஜோடியா வேலை பாக்கட்டும்.

எனக்கு நாலு பேரு முன்னாடி பேசவே வராது. ஆனா இதுல சேரணும்னு ஆசை. சேரலாமா?

சேருப்பா. பேசத் தெரிஞ்சவங்க எல்லா டீம்லயும் தேவைக்கு மேலயே இருக்காங்க, நான் பாத்ததுல நல்லா வேலை செஞ்ச ஒரு பொண்ணு ரெண்டு வருஷத்துல ஒரு மீட்டிங்லகூட வாயைத் திறக்கல. தினமும் மெஸ்ல முதல் தடவை கொஞ்சமா போட்டுக்குவா, சாப்பிட்டுட்டு எழுந்து போய் ரெண்டாவது தடவை போட்டுக்குவா. அதே டேபிள்ல உக்கார்ற ஆறு பேரும் ஒரு மாசத்துல அப்படித்தான் போட்டுக்கிட்டாங்க, கேட்டா அவங்களுக்கே தெரியல எப்ப ஆரம்பிச்சோம்னு. வர்ற ஆடிட்டுக்கு போய் நில்லு, தராசை நீ பிடி. எண்ணை சத்தமா சொல்ல மட்டும் வந்தா போதும்.